துணி போர்த்திய யந்திரம்

நமது ஊர்ச் சிறு அச்சுக்கூடங்களுக்குள் நுழைகிறவர்கள், காகிதக் கட்டுகளுக்கு அப்பால் ஒரு மூலையில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் உருவத்தைக் கவனித்திருக்கலாம். போர்வையை விலக்கினால், கால்மிதியில் ஓடிய டிரெடில் யந்திரமாக இருக்கும். சற்று வசதியான அச்சுக்கூடமானால், ஜெர்மனியிலிருந்து வந்த ஹைடல்பர்க் யந்திரமாக இருக்கும். அதன் தலைமேல் சாப்பாட்டுத் தூக்கு ஒன்று அமர்ந்திருக்கும். ஏன் இதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "எங்கள் அப்பா வாங்கியது" என்பார் பெரியவர். "காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்" என்பார் பிள்ளை. இருவர் கட்சியிலும் சேர நமக்குச் சம்மதமில்லை.

யந்திரம் தூங்கப் போனதற்கு அச்சுக்கூடத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1985-ஆம் ஆண்டில் பேஜ்மேக்கர் என்னும் கம்ப்யூட்டர் சாதனம் வெளிவந்தது. அதன்பின் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும் வேலை கம்ப்யூட்டர்த் திரைக்குக் குடிபோயிற்று. அச்சடிக்கும் வேலையை ஆப்செட் யந்திரம் எடுத்துக்கொண்டது. அதே 1985-இல் ஹைடல்பர்க் கம்பெனியாரும் இந்த யந்திரம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். 1914 முதல் அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்து உலகெங்கும் அனுப்பியிருந்தார்கள். தாளை எடுத்து வைக்கும் இரண்டு இரும்புக் கைகள் ஓயாமல் சுழல்வதால், தொழிலாளிகள் அதற்குக் 'காற்றாலை' என்று செல்லப் பெயர் சூட்டினார்கள். மணிக்கு ஐயாயிரம் தாள் அடிக்கும் அந்தக் கைகளின் அழகை ஒரு முறை பார்த்தவர்கள் பெரியவரின் பிடிவாதத்தை மன்னித்துவிடுவார்கள்.

ஆனால் அச்சடிக்கும் உத்தியோகம் போயிற்றே தவிர, அழுத்தும் உத்தியோகம் போகவில்லை. இதைப் பலர் அறியார். மருந்துப் பெட்டிக்கு வேண்டிய அட்டையை வெட்டவும், மடிப்புக்கு வரி போடவும், கல்யாணப் பத்திரிகையில் பொன் தகடு பதிக்கவும், ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் போட்டுக் கிழிப்பதற்குத் துளைக்கோடு இடவும் பலமாக அழுத்துகிற யந்திரம் வேண்டும். சாதாரண ஆப்செட் யந்திரத்துக்கு அந்த வலு ஏது? ஆகவே, நோட்டீஸ் அடிப்பவருக்கு மூலையை அடைக்கும் அதே யந்திரம், பெட்டி செய்பவருக்குச் சோறு போடும். விற்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது அந்தப் பெட்டிக்காரரை. காயலான் கடைக்காரரை அல்ல. கடைக்காரர் அதை இரும்பாகத்தான் பார்ப்பார். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு என்று அவருக்கு நாக்கில் நீர் ஊறும்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்படித்தான் வந்து நின்றார். "சார், எடை போட்டுக் கொடுத்துவிடட்டுமா? மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட இன்னும் ஒரு மாதந்தான் இருக்கிறது" என்றார். நமக்கு அச்சுத் தொழில் தெரியாது; கணக்குத் தெரியும். அந்த மூலைக்கு அவர் கொடுத்துவரும் வாடகையைப் பெருக்கிக் காட்டினோம். ஏழு வருஷமாக அந்த யந்திரம் சம்பாதித்தது ஒன்றுமில்லை. தின்றது மட்டும் ஏராளம். விற்க வேண்டியதுதான், ஆனால் இரும்பாக அல்ல என்றோம்.

அவர் பெட்டி செய்பவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். முதலில் வந்தவர் துருவைப் பார்த்துவிட்டுக் காப்பி மட்டும் சாப்பிட்டுப் போனார். அதன்பின் நண்பர் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, எண்ணெய் விட்டு, மின்சாரம் கொடுத்து ஓடவும் வைத்தார். இரண்டாவதாக வந்தவர் மை உருளைகள் சப்பையாகிவிட்டன என்று பாதி விலை கேட்டார். மூன்றாமவர் அட்டை வெட்டுகிறவர். மை உருளையே அவருக்கு வேண்டாம். தம்முடைய வெட்டு அச்சையும் அட்டையையும் கையோடு கொண்டுவந்து நூறு அட்டை வெட்டிப் பார்த்து, விலை பேசினார். எழுத்தை முடுக்கும் இரும்புச் சட்டங்களையும் சாவிகளையும் நண்பரின் தம்பி முன்னமே எடைக்குப் போட்டிருந்தபடியால் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அவை எடைக்குக் கொண்டுவந்த காசு ஒரு வேளை டிபனுக்குக் காணாது. விலையில் குறைந்ததோ கணிசமான தொகை. ஆயினும் கல்லூரிப் பணம் தவணைக்குள் கட்டியாயிற்று.

நண்பர் ஒன்றை மறைக்கவில்லை. யந்திரத்தின் கால் பக்கத்தில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. வார்ப்பிரும்பு விரிசலைப் பற்றவைப்பது எளிதன்று. அதைக் காட்டியே விலை பேசினார். விரலை நசுக்க வல்ல யந்திரம் ஆகையால், காப்புக் கம்பி தளர்ந்திருப்பதையும் சொன்னார். வாங்குகிறவரின் தொழிலாளியும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

ஈய எழுத்துக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகம் அது. எடைக்கு விலை போகும் என்று வீட்டு அடுப்பில் உருக்கிப் பார்க்கும் புத்திசாலிகளும் உண்டு. ஈயப் புகை குழந்தைகளுக்கு விஷம், வேண்டவே வேண்டாம். முழுமையாக உள்ள தமிழ் எழுத்துத் தொகுதியானால், சித்திரக் கலைக் கல்லூரிகளையோ பொருட்காட்சிச் சாலைகளையோ கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

பாங்கிக் கடனுக்கு ஈடாக எழுதிவைத்த யந்திரமானால், பாங்கியின் சம்மதமின்றி விற்கக் கூடாது. ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவர்கள் பழைய சாமானுக்கும் வரி உண்டா என்று கணக்கரைக் கேட்டுக்கொள்வது நலம்.

லாரியில் ஏற்றிய அன்று பெரியவர் வெளியே வரவில்லை. மறுநாள் பஸ் ஏறி, வாங்கியவரின் ஊருக்குப் போய், எண்ணெய்த் துளைகள் எங்கெங்கே உள்ளன என்று அங்கிருந்த பையனுக்கு இரண்டு நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாராம்.