டொரன்ட்டும் ஒரு மொய் நோட்டுதான்!

உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்துக்குப் போயிருக்கீங்களா? பந்தல் ஓரமா ரெண்டு பேர் நோட்டும் பேனாவுமா உட்கார்ந்திருப்பாங்க. யாரு, எந்த ஊரு, எவ்வளவு செஞ்சாங்கன்னு வரி வரியா ஏறும். நாளைக்கு அவங்க வீட்டு விசேஷம்னா, இந்த நோட்டைப் புரட்டித்தான் திருப்பிச் செய்யணும். 'பிட்டொரன்ட்' எப்படி ஓடுதுன்னு யாராச்சும் கேட்டா, இதைவிட ஈஸியா என்னால சொல்ல முடியாது.

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1999-ல் ஷான் ஃபானிங் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் 'நாப்ஸ்டர்' என்ற புரோகிராமை வெளியிட்டார். பாட்டெல்லாம் அவங்கவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். யார்கிட்ட எது இருக்குங்கிற பட்டியல் மட்டும் நாப்ஸ்டர் சர்வர்ல. அந்தப் பட்டியல்தான் வினையாச்சு. இசை நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போக, 2001 ஜூலையில் அந்தச் சேவை நின்றது. அதே மாசம்தான் பிராம் கோஹென் பிட்டொரன்ட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார்.

அவர் கையில் எடுத்த பிரச்னை நமக்கும் பழக்கமானதுதான். ரிசல்ட் அன்னிக்கு எல்லாரும் ஒரே சைட்டில் முட்டினா என்ன ஆகும்? கூட்டம் ஏற ஏற சர்வர் படுத்துடும். கோஹென் இதைத் தலைகீழாக்கினார். ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டாக்கு. ஒரு துண்டு வந்ததுமே அதை அடுத்தவனுக்குக் கொடுக்க ஆரம்பி. இப்ப கூட்டம் ஏற ஏற வேகமும் ஏறும்!

எந்தத் துண்டு குறைவான ஆட்களிடம் இருக்கோ, அதை முதலில் எடுத்து வைக்கும். இல்லேன்னா 99 சதவீதத்தில் எல்லாரும் சேர்ந்து தொங்க வேண்டியதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை மாதிரி 'ஹாஷ்' உண்டு. அது பொருந்தலைன்னா அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி வாங்கும்.

இனி மொய்க்கணக்கு. நமக்கு யார் அதிகமாகக் கொடுக்கிறாங்கன்னு பத்து நொடிக்கு ஒரு தடவை கணக்குப் பார்த்து, டாப்பில் இருக்கிற நாலைந்து பேருக்குத்தான் நாம திருப்பிக் கொடுப்போம். அப்படின்னா கையில் ஒண்ணுமே இல்லாம வர்ற புது ஆள்? அதுக்கும் வழி வெச்சிருக்கார். முப்பது நொடிக்கு ஒரு தடவை, முன்பின் தெரியாத ஒருத்தருக்குச் சும்மா கொடுத்துப் பார்க்கும். செய்யாத வீட்டுக்கு நாமளே முதல் மொய் எழுதுற மாதிரி!

2005-ல் சுவீடனின் லுட்விக் ஸ்ட்ரிகியஸ் இதே முறையை 'மியூடொரன்ட்' என்ற குட்டி சாஃப்ட்வேரா எழுதினார். அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்த இடம் ஸ்பாட்டிஃபை. 2014 வரைக்கும் ஸ்பாட்டிஃபையின் டெஸ்க்டாப் புரோகிராமும் பாட்டை இப்படிக் கைமாத்தித்தான் கொடுத்தது.

இப்போ சீரியஸ் மேட்டர். "நான் படம் பார்க்கத்தானே இறக்கினேன், யாருக்கும் விக்கலையே"ன்னு ஹாஸ்டலில் ஒரு வாதம் உண்டு. டொரன்ட்டில் அது செல்லாது பாஸ். வாங்கும்போதே நீங்க கொடுக்கவும் செய்றீங்க. அதாவது, விநியோகஸ்தர் ஆகிட்டீங்க. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில், தெரிந்தே மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அதுக்காக டொரன்ட்டே திருட்டுன்னு மொத்தமா பூட்டுப் போடவும் முடியாது. 2012-ல் '3' படத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கினாங்க. இன்டர்நெட் நிறுவனங்கள் டொரன்ட் தளங்களோடு சேர்த்து, உலகம் முழுக்கக் குறும்பட ஆட்கள் தங்கள் சொந்தப் படத்தைப் போட்டு வைக்கிற 'விமியோ'வையும் முடக்கிட்டாங்க. ஜூன் மாதம் நீதிமன்றம், திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்கணும், முழுத் தளத்தையும் அல்லன்னு தெளிவுபடுத்தியது.

நல்ல வழியில் பயன்படுத்த ஏகப்பட்டது இருக்கு. உபுண்டு, டெபியன், லிப்ரே ஆஃபீஸ் எல்லாமே டொரன்ட்டில் தர்றாங்க. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012-ல் லட்சக்கணக்கான பழைய புத்தகங்கள், இசை, படங்களுக்கு டொரன்ட் கொடுத்தது. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குப் பெரிய டேட்டா வேணுமா? 'அகாடமிக் டொரன்ட்ஸ்' பக்கம் போய்ப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. அந்த மொய்க்கணக்கு உங்களைக் கட்டிப் போடுறது டவுன்லோடு முடியுற வரைக்கும்தான். 100 சதவீதம் வந்தாச்சுன்னா, உங்களைக் கேட்க ஆளில்லை. அதுக்கப்புறமும் விண்டோவை மூடாம 'சீட்' செய்றவங்க இருக்கிறதாலதான் பழைய ஃபைல்கள் இன்னும் உயிரோட இருக்கு. அதனால உபுண்டு இறக்கினா, வாங்கின அளவாவது திருப்பிக் கொடுத்துட்டு மூடுங்க. சாஃப்ட்வேரிலேயே 'ரேஷியோ'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அது 1 ஆகட்டும்.