எட்டு வகுப்புக் கருணை

ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு உதவுவது பெரிய புண்ணியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக அதன் தகப்பன் நாலு வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறதே, அந்த நிலைமையை உண்டாக்கியது யார் என்று கேட்டால் மட்டும் புண்ணியவான்கள் வேறு பேச்சுப் பேசுகிறார்கள்.

கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் தெருவில் ஒரு பீங்கான் தொழிலாளி இருக்கிறார். காலையில் பஸ் ஏறி விருத்தாசலம் போய், அச்சில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை எடுத்துக் கொடுக்கிறவர். அவர் மகள் ஒரு பிரைவேட் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. முதல் எட்டாவது வரை சம்பளம் கட்டாமல் படித்தாள். அது யாரும் போட்ட பிச்சை அல்ல; சட்டம் கொடுத்த இடம். ஒன்பதாவதுக்குப் போனதும், 32,000 ரூபாய் கட்டு என்று சீட்டு வந்தது. மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. போதவில்லை. என்னிடம் வந்தார்.

“அண்ணே, உங்களுக்குப் பெரிய மனுஷங்களைத் தெரியும். யாராவது டிரஸ்ட்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பொண்ணு நல்லாப் படிக்குதுண்ணே.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சுட்டது. நன்றாகப் படிக்கிறாள் என்று அவர் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்? பணம் கட்டுகிறவன் பிள்ளை சுமாராகப் படிக்கலாம், தூங்கி வழியலாம். உதவி கேட்கிறவன் பிள்ளை மட்டும் முதல் மார்க் வாங்கியே தீர வேண்டும். தர்மத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உரிமை மார்க் ஷீட்டைக் கேட்பதில்லை.

2009-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. சிறுபான்மையினர் நடத்தாத பிரைவேட் பள்ளிகள் தங்கள் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழை எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அதற்கான பணத்தைச் சர்க்கார் பள்ளிக்குக் கொடுத்துவிடும். பள்ளி முதலாளிகள் வழக்காடினார்கள்; 2012-இல் சுப்ரீம் கோர்ட் சட்டத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் 2013-14 முதல் இந்தச் சேர்க்கை நடந்து வருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எட்டாவதோடு முடிந்துவிடுகிறது. அந்த முதல் வருஷம் எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளைகள் 2023-24-இல் ஒன்பதாவதுக்கு வந்தார்கள். அன்று தொடங்கி வருஷா வருஷம் ஒரு கூட்டம் ஏணியின் எட்டாம் படியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஏன் எட்டு? சட்டம் பதினாலு வயதோடு நிற்கிறது. அந்தப் பதினாலு, 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்திலிருந்து வந்த கணக்கு. அன்று எட்டாவது படித்தவனுக்குச் சமூகத்தில் ஓர் இடம் இருந்தது. இன்றைக்கு என்ன இருக்கிறது? தகப்பன் வாழ்நாளெல்லாம் பிசைந்த அதே களிமண்ணைப் பற்றி மகள் விருத்தாசலத்தில் டிப்ளமோ படிக்க வேண்டும் என்றாலும் பத்தாவது தேறியிருக்க வேண்டும்! 3 வயது முதல் 18 வரை அனைவருக்கும் பள்ளிப் படிப்பு என்று 2020-இல் கொள்கை எழுதிய மத்திய சர்க்கார், சட்டத்தில் இருக்கும் பதினாலைத் தொடவில்லை.

“சர்க்கார் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே?” என்பார்கள். பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளை அங்கே சேர்க்காதவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். சர்க்கார் பள்ளியில் படிப்பது இழிவல்ல. எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நியாயத்தை யோசியுங்கள். எல்.கே.ஜி. வயதில், இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளிதான் என்று சேர்த்துப் பணமும் கொடுத்தது சர்க்கார். பத்து வருஷம் கழித்து, பரீட்சைகள் நெருங்கும் வேளையில், சிநேகிதிகள் எல்லோரும் அதே வகுப்பில் இருக்க, இவளை மட்டும் எழுந்து போ என்கிறது. அன்றைக்கு வேண்டியிருந்தது இன்றைக்கு எப்படி வேண்டாததாயிற்று? வேறு கதவும் இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் தரும் தேசிய வருவாய்வழி உதவித்தொகை இருக்கிறது; சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அது. பிரைவேட் பள்ளியில் படிப்பதால் இவளுக்கு அதுவும் இல்லை.

மேலே இருப்பவர்களுக்கோ சண்டை போடவே நேரம் போதவில்லை. 2025-26-இல் மத்திய சர்க்கார் கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. மாநில சர்க்கார் சேர்க்கையை நிறுத்தி வைத்தது. ஹைகோர்ட் தலையிட்டது. ஜூனில் பள்ளிகள் திறந்தாயிற்று. இந்தச் சேர்க்கை தொடங்கியது அக்டோபரில்! இடைப்பட்ட நாலு மாதமும் வட்டி கட்டியவர்கள் டில்லியிலும் இல்லை, கோட்டையிலும் இல்லை.

தர்மம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1950-களின் பிற்பகுதியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஜனங்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள். அது ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. எந்தப் பிள்ளையும் கொடுத்தவர் முன்னால் கைகட்டிப் போட்டோவுக்கு நிற்கவில்லை. இன்றைக்கு ஒரு பிள்ளையின் ஒரு வருஷச் சம்பளத்தைக் கட்டிவிட்டு, அவளை மேடையில் ஏற்றி அவள் வறுமையை மைக்கில் அறிவிக்கிறோம். பணம் போய்ச் சேருவது பள்ளிக்கு. அவமானம் மட்டும் பிள்ளைக்கு.

ஆகவே என் கோரிக்கை இது: இடம் பெற்ற பிள்ளை பன்னிரண்டாவது வரை அதே இடத்தில் படிக்கட்டும். மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்தட்டும். திருத்தும்வரை மாநில சர்க்கார் தன் கஜானாவிலிருந்து கட்டட்டும். பத்து வருஷம் கொடுத்த பள்ளிக்கு இன்னும் நாலு வருஷம் கொடுப்பதால் எந்தக் கஜானாவும் கவிழ்ந்துவிடாது.

எங்கள் தெருக்காரருக்கு நாலு பேரிடம் சொல்லிப் பணம் திரட்டிக் கொடுத்தேன். அது இந்த வருஷத்துக்கு. பத்தாவதுக்கு அவர் மறுபடி வருவார். நானும் மறுபடி நாலு பேரிடம் போவேன். இதற்குப் பெயர் கல்வி உரிமையாம்!