ராமானுஜத்தை விட்டுடுங்கப்பா!

ஓவியம்னு பேச்சு வந்தாலே நம்மாளுங்களுக்கு ஒரு வியாதி. இங்கே ஒருத்தர் நல்லா வரைஞ்சிருந்தா உடனே ஒரு வெள்ளைக்காரரோட முடிச்சுப் போட்டாகணும். கே.ராமானுஜம் விஷயத்திலும் அதே கதை. (கணக்கு ராமானுஜன் இல்லீங்க, இவர் சோழமண்டலம் ராமானுஜம்.) "ஓ, கனவு மாதிரி வரைவாரே, நம்ம ஊரு டாலி!" முடிஞ்சது. அப்புறம் படத்தை எவன் பார்க்கிறான்?

சரி, டாலியையே எடுத்துக்குவோம். உருகுற கடிகாரப் படம், 1931ல் வரைந்தது. இப்போ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கு. அளவு 24க்கு 33 செ.மீ. தான்! நம்ம அக்கவுண்ட்ஸ் ரெக்கார்ட் நோட்டை விரிச்சா அதைவிடப் பெரிசு. தூரிகை பட்ட தடமே தெரியாத வழவழப்பு. பின்னாடி தெரியுற பாறைகள் ஸ்பெயினில் அவர் ஊர்ப் பக்கத்துக் கடற்கரையில் நிஜமாவே இருக்கு. வெளிச்சம், நிழல், தூரம் எல்லாம் ஒழுங்கு. அந்த ஒழுங்கை நம்பித்தான் நாம உள்ளே போறோம், கடிகாரம் வழியறதைப் பார்த்து முழிக்கிறோம். பொய்க்கணக்கை அசல் ரசீதோடு சேர்த்து நீட்டுற வேலை :-)

ராமானுஜம் அந்த ரசீதையே நீட்டல. அவரோட இங்க் படங்களில் பேனாக் கோடு, கோட்டு மேல கோடு, ஆயிரக்கணக்கில். மாளிகை, பாம்பு, சிறகு முளைச்ச உருவங்கள், நடுவுல தொப்பி போட்ட ஒரு ஆள் (அது அவரேதான்). டாலியின் கடற்கரை பயமுறுத்துதுன்னா காரணம் அங்கே யாருமே இல்லை. ராமானுஜத்துக்கிட்ட மூச்சு விட இடமில்லை, வானம்கூட கோடுகளால நிறைஞ்சிருக்கு. எனக்கு அது கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி. ரெண்டும் கனவுதான், ஒத்துக்கறேன். ஆனா ஒன்னு வெறுமை, இன்னொன்னு நெரிசல். எப்படிங்க ஒன்னாகும்?

அடுத்த கூட்டம் அகராதிக் கூட்டம். பாம்புன்னா காமம், மாளிகைன்னா ஆசை, சிறகுன்னா விடுதலை. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், டேலி ஆகிடுச்சு, கிளம்பலாம்! பி.காம் படிக்கிற எனக்கே இது அலுப்பா இருக்கு. டாலியின் கடிகாரத்தைப் பார்த்து ஐன்ஸ்டைன், சார்பியல்னு ஆளாளுக்கு விளக்கம் சொன்னாங்க. அவர் 1942ல் வந்த சுயசரிதையில் உருகின பாலாடைக்கட்டியைப் பார்த்துத் தோணினதுன்னு எழுதிட்டுப் போயிட்டார்.

என்னை நிஜமா கோபப்படுத்துறது மூணாவது கூட்டம். ராமானுஜத்துக்கு மனநலப் பாதிப்பு இருந்தது, 1973ல் முப்பது சொச்ச வயசில் தற்கொலை செய்துகிட்டார். இதை வெச்சு, "நோயாளி வரைஞ்ச படம், அதான் இப்படி"ங்கறாங்க. இதைவிட அநியாயம் உண்டா? இங்க்ல ஒரு கோடு தவறினா ரப்பர் போட்டு அழிக்க முடியாது. எங்கே அடர்த்தி, எங்கே வெள்ளைத் தாளை அப்படியே விடணும்னு கோட்டுக்குக் கோடு முடிவு பண்ணின கை அது. நோய் அவருக்கு வலியைக் கொடுத்திருக்கும். அந்தக் கோட்டை அவர்தான் போட்டார். சென்னை ஓவியக் கல்லூரியில் படிச்சு, கே.சி.எஸ்.பணிக்கர்கிட்ட கத்துக்கிட்டு, 1966ல் பணிக்கர் முன்னின்று ஆரம்பிச்ச சோழமண்டலத்தில் மற்ற ஓவியர்களோடு சேர்ந்து வாழ்ந்து உழைச்சவர். அந்தப் படிப்பும் உழைப்பும் எந்தக் கணக்கில் சேரும்?

நெமிலியிலிருந்து அரக்கோணம் போய் ரயில் பிடிச்சா சென்னை, அங்கிருந்து ஈசிஆர் பஸ்ஸில் ஈஞ்சம்பாக்கம். சோழமண்டலத்தில் மெட்ராஸ் இயக்கத்து ஓவியர்களுக்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கு. ராமானுஜம் படம் முன்னாடி நின்னா பாம்பையும் தொப்பிக்காரரையும் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஏதாவது ஒரு மூலையில ஒரு ஜாண் அளவு எடுத்துக்கிட்டு கோட்டை எண்ண ஆரம்பிங்க.