டெக்ஸாமெத்தசோனும் கறுப்புப் பூஞ்சையும்

ஒரு மருந்து உயிரைக் காப்பாற்றும் என்று ஆய்வில் நிரூபணமாகிறது. அடுத்த ஆண்டே அதே மருந்து பலருடைய கண்ணைப் பறிக்கவும் ஒரு காரணமாகிறது. இப்படி நடக்குமா? 2021ஆம் ஆண்டுக் கோடையில் இந்தியாவில் நடந்தது. இதில் மருந்தின் மேல் குற்றமில்லை. ஆய்வின் மேலும் குற்றமில்லை. ஆய்வு சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டதுதான் குற்றம்.

மருந்தின் பெயர் டெக்ஸாமெத்தசோன். 1950களில் உருவான பழைய ஸ்டீராய்டு. ஒவ்வாமை, ஆஸ்துமா, மூட்டு வீக்கம் என்று பலவற்றுக்கும் எழுதிக் கொடுப்பார்கள். விலை மிக மலிவு. கொரோனா வந்த புதிதில் உலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 'ரெகவரி' என்ற பெரிய ஆய்வை ஆரம்பித்தது. பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே இருவரும் தலைமை. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போலக் கணினி முடிவு செய்தது. 2,104 பேருக்கு தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணினார்கள். அவ்வளவுதான்!

முடிவு 2020 ஜூன் 16 அன்று வெளியானது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து பெறாதவர்கள் 41.4 சதவீதம் இறந்தார்கள், பெற்றவர்கள் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. உலகம் கொண்டாடியது, கொண்டாட வேண்டிய விஷயமும்தான்.

ஆனால் அதே அட்டவணையில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. ஆக்சிஜனே தேவைப்படாத நோயாளிகளில், மருந்து பெறாதவர்கள் 14 சதவீதம் இறந்தார்கள், பெற்றவர்கள் 17.8 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், மருந்து கொன்றது என்று இதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பலன் இருப்பதாக ஓர் அறிகுறியும் இல்லை. காரணமும் புரியக்கூடியதே. முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது, அப்போது உடலின் எதிர்ப்புச் சக்தி தேவை. பிறகுதான் அந்த எதிர்ப்புச் சக்தியே வெறி பிடித்து நுரையீரலைத் தாக்குகிறது. ஸ்டீராய்டு அந்த வெறியை அடக்கும். முன்கூட்டியே கொடுத்தால் காவல்காரனையே கட்டிப்போட்ட கதைதான்.

'ஸ்டீராய்டு கொடுத்தால் பிழைப்பார்கள்' என்ற செய்தி கடல் தாண்டி வந்தது. மூன்றாவது வரி வரவில்லை. நோய் முற்றியவர்களுக்கு மட்டும்தான் ஸ்டீராய்டு என்று அரசின் வழிகாட்டுதல் சொன்னது உண்மை. ஆனால் 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை. வீட்டில் படுத்திருந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மருந்துச்சீட்டுதான் வைத்தியம்! அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் உண்டு. வாரக்கணக்கில் நிறுத்தாமல் விழுங்கியவர்களும் உண்டு. ரெகவரி ஆய்விலோ அதிகபட்சம் 10 நாள், அதற்கு முன் வீட்டுக்குப் போனால் அன்றோடு மருந்து நின்றுவிடும்.

பிறகுதான் மியூகார்மைகோசிஸ் என்ற கறுப்புப் பூஞ்சை நோய் வந்தது. உண்மையில் அந்தப் பூஞ்சை கறுப்பு அல்ல. மண்ணிலும் அழுகும் பழத்திலும் இருக்கும் சாதாரணப் பூஞ்சைதான், தினமும் எல்லோரும் அதன் வித்துகளைச் சுவாசிக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை எகிறி, எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிட்டால்தான் அது மூக்கின் உட்புறத்தில் வேர் விடும். இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைக்கும். இரத்தம் கிடைக்காத சதை செத்துக் கறுக்கும், அந்தக் கறுப்புதான் பெயரில் இருக்கிறது. மூக்கிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து மூளைக்கு. மூளைக்குப் போகாமல் தடுக்கச் சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும், எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கொரோனாவுக்கு முன்பே உலகில் இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று இந்தியா. பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாடு.

2021 ஜூலை வரை 45,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் வந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இறந்தவர்கள் 4,000க்கும் மேல். அரிய நோய் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தோடு முடிந்த நோய் இது!

தொழிற்சாலை ஆக்சிஜன், அழுக்கு முகக்கவசம், ஆவி பிடித்தது என்று அப்போது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதற்கும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆதாரம் வேறு பக்கம் இருந்தது, அதுவும் முன்கூட்டியே. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இந்தியாவின் 16 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில் 287 மியூகார்மைகோசிஸ் நோயாளிகள். அதில் 187 பேர் கொரோனா வந்தவர்கள். ஸ்டீராய்டை முறையின்றிப் பயன்படுத்தியதற்கும் சில நாள் கழித்துப் பூஞ்சை வந்ததற்கும் தொடர்பு இருப்பதை அதே ஆய்வு காட்டியது. இரண்டாவது அலைக்கு முன்பே மருத்துவமனைகளின் பதிவேட்டில் கிடந்த கணக்கு இது. அதை ஊரறியச் சொல்ல ஏற்பாடு இல்லை. எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா, ஸ்டீராய்டைத் தவறாகப் பயன்படுத்துவதே முக்கியக் காரணம் என்று வெளிப்படையாக எச்சரித்தபோது 2021 மே பாதி ஆகிவிட்டது.

'இந்தியாவில் தரமான ஆய்வு செய்ய முடியாது' என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. பிளாஸ்மா சிகிச்சை பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய 'பிளாசிட்' ஆய்வு உலகிலேயே அந்த வகையில் முன்னோடி. பிளாஸ்மாவால் பயனில்லை என்று 2020லேயே அது கண்டுபிடித்தது. ஆனால் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது எப்போது? 2021 மே 17 அன்று. இடைப்பட்ட மாதங்களில் பிளாஸ்மா தேடி அலைந்த குடும்பங்கள் எத்தனை! ஆய்வு செய்யத் தெரிந்த நாட்டுக்கு அதன் பேச்சைக் கேட்கத் தெரியவில்லை.

சரி, பூஞ்சைக்கு மருந்து? 1950களில் கண்டுபிடிக்கப்பட்ட ஆம்போடெரிசின் பி தான் இன்றும் முதல் மருந்து. பழைய வடிவம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொழுப்பு உறையில் அடைத்த புதிய வடிவம் அவ்வளவு கெடுக்காது, ஆனால் விலை அதிகம். 2021 மே மாதத்தில் அதற்குக் கடும் தட்டுப்பாடு. இந்த நோய்க்கு ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்த ஆய்வு எதுவும் கிடையாது. ஐசாவுகோனசோல் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தபோது ஆதாரமாக இருந்தது 37 நோயாளிகளின் கதை.

இன்னொரு உதாரணம் இன்னும் பயங்கரம். பூஞ்சை வளர இரும்புச் சத்து வேண்டும். அப்படியானால் இரும்பை அகற்றும் டெஃபெராசிராக்ஸ் மருந்தைக் கொடுத்தால்? எலிகளில் அருமையாக வேலை செய்தது. 2012இல் வெளியான ஆய்வில் மொத்தம் 20 நோயாளிகள். 90 நாளில், மருந்து பெற்ற 11 பேரில் 9 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 9 பேரில் இறந்தவர்கள் 2 பேர்! மருந்து பெற்ற பக்கத்தில் இரத்தப் புற்றுநோய் போன்ற மோசமான நிலையில் இருந்தவர்கள் அதிகம் விழுந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. இருபது பேரை வைத்துக்கொண்டு எது காரணம் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

2021இல் 45,000 நோயாளிகள் ஒரே நாட்டில் இருந்தார்கள். எத்தனை நாள் ஊசி போட வேண்டும், மலிவான பழைய வடிவத்தைக் கவனமாகக் கொடுத்தால் போதுமா, எப்போது மாத்திரைக்கு மாறலாம் என்ற கேள்விகளுக்கு அந்த ஒரு கோடையிலேயே விடை காணத் தொடங்கியிருக்கலாம். இங்கிலாந்து தன் நோயாளிகளை ஆய்வில் சேர்த்தது நிதானமான காலத்தில் அல்ல, மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த காலத்தில்தான். சேர்க்கும் படிவத்தை மிகச் சுருக்கமாக வைத்தார்கள், வார்டு டாக்டரே சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். அப்படி ஒரு படிவம் பூஞ்சை வார்டுகளில் இருந்ததில்லை. மருந்துக்கடைகளிலோ ஸ்டீராய்டு மாத்திரை இன்றும் பல இடங்களில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்பவர் யாருமில்லை.