கட்டடம் இடிந்தால் யார் பொறுப்பு?

அண்மையில் நமது கிளை அலுவலகம் ஒன்றுக்கு ஒரு தாயார் வந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் பால் வெட்டிய கை அவருடையது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலரைப்போல அவருடைய மகனும் வெட்டுக் கத்தியைத் தொடாமல் பட்டணத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவன். காங்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்த மேல்தளம் முட்டுகளோடு சரிந்து விழுந்ததில் இடுப்பும் வலது காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மூன்றாம் நாளே குத்தகையாளரின் ஆள் ஒருவர் பழக்கூடையோடு வந்துவிட்டார். "அம்மா, முதலாளி மனசிரங்கி ஐயாயிரம் வெள்ளி கொடுக்கிறாரு. தம்பியை இதிலே ஒரு கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க" என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். அம்மா பழத்தை வாங்கிக்கொண்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே நம்மிடம் வந்தார். "ஐயா, இது நல்ல காகிதமா, கெட்ட காகிதமா?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அந்தத் தாளின் கடைசிப் பத்தியில், இவ்விபத்து சம்பந்தமாக இனி எவர்மீதும் எவ்வித உரிமையும் கோருவதில்லை என்று கண்டிருந்தது. ஐயாயிரம் வெள்ளி எதற்கு விலை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இடிந்து விழுந்த கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் "நேரம் சரியில்லை", "தலைவிதி" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளை வேர் நோய் தெரியும். முதல் நாள் வரை பால் கொடுத்த மரம் ஒரு காற்றில் சாய்ந்து கிடக்கும். காற்று தள்ளியது என்று புதியவன் சொல்வான். வேர் எப்போதோ அழுகிவிட்டது, இலை மஞ்சளித்தபோதே பார்த்திருக்க வேண்டும் என்று பழைய மண்டோர் சொல்வார். கட்டடமும் அப்படியே. விழுவது ஒரு நொடியில். விழுவதற்கான காரணம் சேர்வது மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில்.

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், நம்மவர்கள் நடந்து திரியும் அதே வீதியில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்று ஒரு நிமிடத்துக்குள் மண்மேடாயிற்று. நியூ வோர்ல்ட் ஓட்டல் இருந்த கட்டடம் அது. 33 பேர் மாண்டார்கள். 17 பேரை இடிபாடுகளுக்குள் வளை தோண்டி உயிரோடு மீட்டார்கள். எரிவாயு வெடித்திருக்கும், பக்கத்தில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியதால் இருக்கும் என்று ஊர் பேசிற்று. விசாரணை செய்தவர்கள் அவற்றையெல்லாம் தள்ளிவிட்டார்கள். கட்டடத்தின் கணக்கைப் போட்டவர், கட்டடத்தின் சொந்தப் பாரத்தையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்! உள்ளே வரும் மனிதருக்கும் சாமானுக்கும் கணக்கு இருந்தது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் கல்லுக்கும் இல்லை. அப்படிப்பட்ட கட்டடம் 1971 முதல் பதினைந்து ஆண்டுகள் நின்றது. பிறகு அதன் தலையில் மேலும் மேலும் பாரம் ஏற்றினார்கள். பதினைந்து ஆண்டு நின்றதே என்பது ஒரு கட்டடத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

1988 ஜூலை 31ஆம் தேதி பட்டர்வொர்த் படகுத்துறையில் நடந்ததை வடக்கே உள்ள அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குவான் யின் விழாவும் புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருவிழாவும் ஒரே நாளில் கூடின. தாங்கக்கூடியதற்கு மேல் ஜனங்கள் நெருக்கி நின்ற மேல்தளம் இறங்கிவிட்டது. 32 பேர் இறந்தார்கள், ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோர் காயம் அடைந்தார்கள். திருவிழா தேதி பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருந்தது. கூட்டம் வரும் என்பது யாருக்குத் தெரியாது?

2004 ஏப்ரல் 20ஆம் தேதி சிங்கப்பூர் நிக்கல் நெடுஞ்சாலையோரம் ரயில் பாதைக்காகத் தோண்டிய பெரும் பள்ளத்தின் தற்காலிகத் தாங்குசுவர் சரிந்தது. நால்வர் மாண்டனர். மண்ணின் பலத்தைத் தப்பாகக் கணித்ததும், குறுக்கே தாங்கிய இரும்பு உத்தரங்களின் இணைப்பைப் பலவீனமாக வடிவமைத்ததும் காரணங்கள் என விசாரணையில் வெளிவந்தது. ஆனால் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. பள்ளம் சரிந்தது பிற்பகல் மூன்றரை மணி வாக்கில். இரும்பு முறுக்கி "தங்" என்று சத்தம் போட்டது காலையிலேயே! கீழே இருந்தவர்களின் காதில் விழுந்தது.

நமது பிள்ளைகள் பெரும்பாலும் அடிபடுவது கட்டி முடித்த கட்டடத்தில் அல்ல, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில். அதனால் ஒரு சிறு கணக்கு. ஈரக் காங்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.4 டன் கனம். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு ஆறங்குலத் தளம் போட்டால் மூன்று டன்னுக்கு மேல். அது இறுகும்வரை தன் காலில் நிற்காது. பலகையும் அதன் கீழே நிற்கும் முட்டுகளும்தான் தாங்கவேண்டும். முட்டு வளைந்திருந்தாலும், சேற்றுமண்ணில் பலகை போடாமல் ஊன்றியிருந்தாலும், ஒன்றோடொன்று குறுக்குக் கட்டு இல்லாவிட்டாலும், ஒரே மூலையில் காங்கிரீட்டைக் குவித்தாலும் சரிவுதான். காங்கிரீட்டின் பலத்தை இருபத்தெட்டாம் நாள் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அடுத்த மாடிக்கு முட்டு வேண்டும் என்று அவசரப்பட்டு முன்னதாகவே உருவுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரதான குத்தகையாளர் ஒருவருக்கு விட்டு, அவர் இன்னொருவருக்கு விட்டு, அவர் வேறொருவருக்கு விடும்போது, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் பணம் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் குறைவது முட்டின் எண்ணிக்கை. ஆபத்தை முதலில் காண்கிறவன் கடைசிக் கையிடம் நாட்கூலிக்கு நிற்கும் பையன். அவன் பேச்சை எவரும் கேட்பதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். இதில்தான் நமது அங்கத்தினர்களுக்குக் குழப்பம் அதிகம்.

வேலை நேரத்தில் வேலை காரணமாக அடிபட்டவனுக்கு முதல் வழி, நாம் சொக்சோ என்று அழைத்துப் பழகிய பெர்கேசோ. 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் அது. யார் தவறு என்று நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை. வைத்தியச் செலவு உண்டு. வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கு, வைத்திய விடுப்பு நாலு நாட்களுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிடப்பட்ட சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு உண்டு. நிரந்தர ஊனமானால் வைத்திய வாரியம் ஊனத்தின் அளவை நிர்ணயிக்கும். அது குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். இறந்தவரின் சார்ந்தோருக்கு மாதாந்திரப் பணம் உண்டு. விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்கவேண்டும். "உன் பேரைப் பதியவே இல்லையே" என்று சிலர் கைவிரிப்பார்கள். பதியாதது முதலாளியின் குற்றம். அந்தக் குற்றம் தொழிலாளியின் உரிமையை விழுங்கிவிடாது. பெர்கேசோ அலுவலகத்தில் நேரே போய்ப் புகார் கொடுக்கவேண்டும். வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து முறையாக வந்து வேலை செய்யும் தோழர்களும் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து இத்திட்டத்தின் வேலை விபத்துப் பகுதிக்குள் வந்துவிட்டார்கள். 2017ல் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து 11 பேர் மாண்டபோது இந்நிலை இல்லை.

ஆனால் இதே சட்டத்தின் 31ஆவது பிரிவு ஒரு கதவை அடைக்கிறது. சொக்சோ பாதுகாப்புக்கு உட்பட்டவன் அதே காயத்துக்காகத் தன் முதலாளிமீதோ முதலாளியின் சிப்பந்தி மீதோ நஷ்டஈட்டு வழக்குப் போடமுடியாது. தவறை நிரூபிக்காமலே உதவி கிடைக்கிறதல்லவா, அதற்கு இது ஈடு என்கிறார்கள். அந்த நியாயத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறைக்கமாட்டோம்; அந்தக் காலத்தில் வழக்குப் போட்டு வென்ற தொழிலாளி எத்தனை பேர்? இருந்தாலும், முட்டுக்கம்பில் காசு மிச்சம் பிடித்தவனும், எல்லா விதியையும் அனுசரித்து நடந்தவனும் சட்டத்தின் முன் ஒரே தட்டில் நிற்பது என்ன நீதி? வேதனைக்கும் இழந்த வாழ்வுக்கும் நீதிமன்றம் கொடுக்கக்கூடிய ஈட்டை சொக்சோ கொடுப்பதில்லை. அப்பட்டமான கவனக்குறைவு இருக்கும் இடத்திலாவது இக்கதவு திறக்கப்படவேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

வேலை விபத்து என்றாலே வழக்கு இல்லை என்று சிலர் பயமுறுத்துவது தவறு. அடைபட்டிருப்பது முதலாளியின் கதவு மட்டுமே. கணக்குப் போட்ட இஞ்சினியர், வரைபடக்காரர், பழுதான சாரத்தை வாடகைக்கு விட்ட கம்பெனி, பக்கத்து நிலத்தில் தோண்டியவர் போன்ற வெளியாரின் கவனக்குறைவு காரணமானால் அவர்கள்மீது வழக்குத் தொடரலாம். பிரதான குத்தகையாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது ஒப்பந்தத்தைப் பார்த்து வழக்கறிஞர் சொல்லவேண்டியது. தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கான வழக்குக்கு ஆறு ஆண்டுகள் தவணை. அரசாங்கமோ பொது அதிகாரச் சபையோ எதிர்த்தரப்பானால் 36 மாதங்கள்தான். மரணமானால் சார்ந்தோர் வழக்கிட மூன்று ஆண்டுகள். துயருக்கான ஈடு 10,000 வெள்ளியாக இருந்தது 2019ல் 30,000 ஆக்கப்பட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு: வேலைக் காய நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழ் ஓர் ஆண்டுக்குள் கோரவேண்டும். அல்லது நீதிமன்றத்தில் வழக்கிடலாம், முதலாளி மீதும் கூட. ஆனால் இரண்டு வழியிலும் பணம் பெறமுடியாது.

ஹைலண்ட் டவர்ஸ் வழக்கையும் சொல்லியாகவேண்டும். 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலுகிள்ளானில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பின்னால் இருந்த மலைச்சரிவில் தண்ணீர் ஒழுங்காக வடியவில்லை, தாங்குசுவர்கள் பெயர்ந்தன, பக்கவாட்டு மண் அழுத்தத்தைத் தாங்க அடியில் இருந்த தண்டவாளக் கம்பிகளால் முடியவில்லை. எஞ்சிய இரண்டு கட்டடங்களின் வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் நிலக்காரர், மேம்பாட்டாளர், இஞ்சினியர், நகராண்மைக் கழகம் எனப் பலருக்கும் பொறுப்பைப் பங்கிட்டது. 2006ல் கூட்டரசு நீதிமன்றம் கழகத்தை விடுவித்துவிட்டது. 1974ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு அதற்குக் கேடயமாக இருந்தது. வரைபடத்துக்கு முத்திரை குத்தும் அதிகாரம் உண்டு, முத்திரைக்குப் பொறுப்பு இல்லை என்றால் அந்த முத்திரையை நம்பிக் குடியேறுகிறவன் யாரிடம் போவான்? பாராளுமன்றத்தில் இருக்கும் நம் பிரதிநிதிகள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

லயத்து வீடுகளை மறப்பதற்கில்லை. கரையான் தின்ற தூணும் வெடித்த சமையற்கட்டுச் சுவரும் இன்னும் சில தோட்டங்களில் நிற்கின்றன. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி அவற்றைப் பழுதுபார்த்து வைப்பது நிர்வாகத்தின் கடமை. அந்தச் சுவர் வீட்டில் இருக்கும் குழந்தையின்மேல் விழுந்தால் அது வேலை விபத்தல்ல, சொக்சோ கிடையாது. ஆனால் 31ஆவது பிரிவும் குறுக்கே நிற்காது. நிர்வாகத்தின் மீதே வழக்குத் தொடரலாம். ஆகையால் விரிசல் கண்டவுடன் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கிராணியின் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி வையுங்கள். தெரியாது என்று பிறகு சொல்ல முடியாமற்போகும்.

கட்டடத் தளத்தில் இருக்கும் இளைஞர்களுக்கு இன்னொன்று. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி அமுலுக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதினால் முதலாளியிடம் தெரிவிக்கலாம். அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அவ்விடத்தை விட்டு விலகும் உரிமை உண்டு, அதற்காகத் தண்டிக்கக்கூடாது. கடமை தவறும் முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 ஆயிற்று. அபராதம் கஜானாவுக்குப் போகும், காயம்பட்டவன் கைக்கு வராது. அவன் தன் கோரிக்கையைத் தானே போடவேண்டும்.

அடிபட்டபின் முதல் வாரம்தான் முக்கியம். இடிபாடுகளை அள்ளிவிடுவார்கள், கூட வேலை செய்தவர்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள். படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், போலீஸ் புகாரின் நகலையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையோரம் வந்து, வருவதில் பாதி எனக்கு என்று வழக்குப் பேசுகிறவர்களை அண்டவிடாதீர்கள். அப்படிப் பங்கு பேசுவது இந்நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். வசதியில்லாதவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவும் இருக்கின்றன. நமது கிளைக் காரியதரிசிகள் கூட வருவார்கள்.

அந்தத் தாயாரின் மகன் கையெழுத்துப் போடவில்லை. பெர்கேசோ பாரம் பூர்த்தி செய்யப்பட்டுவிட்டது. முட்டுகளை வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் பெயர் என்ன என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.