சந்தை வாயிலில் சுங்கம் விதிப்பது யார்?

பொருளை உற்பத்தி செய்வது ஒருவர் கையிலும், அதைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வழி வேறொருவர் கையிலும் இருந்தால், உழைப்பின் பலன் யாரைச் சென்றடையும் என்பதை நமது அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. மாஸ்டர் வீவர் கொடுத்த முன்பணத்தில் பாவும் ஊடையும் வாங்கிய காலத்தில், சேலைக்கு என்ன கூலி என்பதையும் அவரே தீர்மானித்தார். மூட்டை கமிஷன் மண்டியில் இறங்கிய பிறகு எடை, விலை, தரகு ஆகிய மூன்றும் மண்டிக்காரர் கணக்குப் புத்தகத்திலேயே முடிவாயின. இந்த நிலையை மாற்றுவதற்கென்றே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. சட்டங்களும் அதற்கென்றே இயற்றப்பட்டன.

இதே பிரச்னை இன்று கைப்பேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது. மென்பொருள் தொழில் நடத்துவோர் சில ஆண்டுகளாக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவதற்குக் காரணம், நம் முன்னோர் மண்டிக்கடையில் பட்ட அதே தொல்லைதான். அவர்கள் பட்டணத்தில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருப்பவர்கள், நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுக்கிவிடுதல் தகாது. அவர்கள் வழக்கின் முடிவு நாளை நமது விற்பனைக்கும் பொருந்தும்.

வேளச்சேரியின் புதுத் தொழில்

வேளச்சேரியை அறிந்த முதியோர்கள், ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமமாக அவ்வூரை நினைவுகூர்வார்கள். இன்று ஏரி சுருங்கி நிற்கிறது; வயல்கள் மனைகளாகிவிட்டன. 2007-ம் ஆண்டில் பறக்கும் ரயில் அவ்வூர் வரை நீண்டது. தென் சென்னையின் மென்பொருள் நிறுவனங்களுக்கு அது ஒரு நுழைவாயில் போல் ஆயிற்று. மாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, நாலைந்து இளைஞர்கள் கூடித் தொழில் தொடங்குவது அப்பகுதிகளில் புதுமையன்று. பள்ளிப் பாடம், கடைக் கணக்கு, உடற்பயிற்சி என்று ஏதேனும் ஒரு சேவையைச் செயலியாக அமைத்து, மாதச் சந்தாவுக்கு விற்பது அவர்கள் தொழில்.

அச்செயலி மக்கள் கைக்குப் போய்ச் சேர வழி என்ன? நம் நாட்டுக் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை கூகிள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு ஏற்பாட்டில் இயங்குபவை. அவற்றில் செயலி பெறும் கடை கூகிளின் பிளே ஸ்டோர். வேறு வழிகள் உண்டு என்று ஏட்டளவில் கூறலாம். நடைமுறையில் ஜனங்கள் போகும் சந்தை இந்த ஒன்றே.

2020 செப்டம்பரில் அந்நிறுவனம் ஒரு விதியை உறுதிப்படுத்தியது. கைப்பேசிக்குள்ளேயே நுகரப்படும் பாடம், பாட்டு, விளையாட்டு, சந்தா போன்றவற்றை விற்கும் செயலிகள், தன் பணப்பெட்டி வழியாகவே பணம் வசூலிக்க வேண்டும். அதில் 30 சதவீதம் தனக்குச் சேர வேண்டும் என்பதே அது. எதிர்ப்புக் கிளம்பிய பின், ஆண்டு வருமானத்தில் முதல் பத்து லட்சம் டாலருக்கும், சந்தாக்களுக்கும் 15 சதவீதமாகக் குறைத்தது. வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் நூறு ரூபாய் பெறும் வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கலாகாது என்று 2020 ஜனவரி முதல் விதி நடைமுறையில் இருந்த நாட்டில், அதே நூறு ரூபாயை இந்த வாயில் வழியே பெற்றால் பதினைந்தோ முப்பதோ போய்விடும் என்றால், சிறு தொழிலுக்கு மிஞ்சுவது என்ன?

சென்னையில் எழுந்த வழக்கு

இதை எதிர்த்து முன்னணியில் நின்ற நிறுவனங்களுள் ஒன்று நம் சென்னையைச் சேர்ந்தது. திருவாளர் முருகவேல் ஜானகிராமன் நிறுவிய மேட்ரிமோனி.காம் என்னும் கம்பெனி, 'பாரத் மேட்ரிமோனி' என்ற பெயரில் வரன் தேடும் சேவையை நடத்துவது. கூகிளுடன் அதற்குள்ள வழக்குப் பழையது. அக்கம்பெனி கன்சிம் இன்ஃபோ என்று பெயர் தாங்கியிருந்த காலத்தில், தன் வியாபாரப் பெயரைத் தேடுவோருக்குப் போட்டியாளர் விளம்பரங்களைக் காட்டுவதாக முறையிட்டது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. பிறகு 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் அது புகார் செய்தது. தேடல் முடிவுகளில் கூகிள் தன் சொந்தச் சேவைக்கு முன்னிடம் கொடுத்தது தவறு என்று தீர்மானித்து, ஆணையம் ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது 2018 பிப்ரவரியில். இடையில் கழிந்தவை ஆறு ஆண்டுகள்! அதற்கு மேல் அப்பீல் வேறு.

பணப்பெட்டி விவகாரத்தில், 2022 அக்டோபர் 25-ம் தேதி ஆணையம் கூகிளுக்கு ரூ. 936.44 கோடி அபராதம் விதித்து, தன் பணப்பெட்டியையே பயன்படுத்த வேண்டுமென்று வற்புறுத்தலாகாது என்றும் உத்தரவிட்டது. கூகிள் இதற்கு இணங்கிய விதம் கவனிக்கத்தக்கது. வேறு பணப்பெட்டியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தரகில் 4 சதவீதமே குறையும் என்றது. அதாவது, பணத்தை எண்ணும் வேலையை வியாபாரியே செய்தாலும் பதினொன்றோ இருபத்தாறோ கட்டித்தான் தீரவேண்டும்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து முறையிடப் போனவர்கள் கண்டது என்ன? அத்தருணத்தில் ஆணையத்தின் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். மூவர் இருந்தால்தான் கூட்டம் கூடும் என்ற நிலையில் இருவரே எஞ்சியிருந்தனர். புதுத் தொழில் நிறுவனங்களின் சங்கம் டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. கோரம் இல்லை என்ற காரணத்தால் மனுவைக் கிடப்பில் போடலாகாது, உடனே விசாரிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 24-ம் தேதி அந்நீதிமன்றம் கூறவேண்டியிருந்தது.

அதே ஆண்டில் மேட்ரிமோனி.காம் முதலிய நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடுத்தன. 15 சதவீதம் நியாயமா, 30 சதவீதம் நியாயமா என்ற கேள்வி அங்கே முடிவாகவில்லை. போட்டிச் சட்டத்தின் கீழ் ஆணையம் தீர்க்கவேண்டிய விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று கூறி, 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி வழக்குகளை நிராகரித்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதை உறுதி செய்தது. சட்டத்தின் வாசகப்படி அத்தீர்ப்பு அமைந்திருக்கலாம். அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆனால் ஆணையத்துக்குப் போனால் கூட்டம் கூட ஆளில்லை, நீதிமன்றத்துக்குப் போனால் ஆணையத்துக்குப் போ என்ற நிலையில் சிறு தொழில் செய்பவன் எங்கே போவான்?

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு அளிக்க மறுத்தது. மார்ச் 1-ம் தேதி, கட்டணம் செலுத்தவில்லை என்று கூறி, சுமார் பத்து நிறுவனங்களின் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து நீக்கத் தொடங்கியது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டார். சில நாட்களில் அவை திரும்ப வைக்கப்பட்டன. சங்கடம் நீங்கியது நல்லதே. எனினும், அமைச்சர் தயவால் திறந்த கதவு வேறு, சட்டத்தின் உரிமையால் திறந்த கதவு வேறு. பெரிய நிறுவனங்களின் குரல் டில்லிக்குக் கேட்டது. வேளச்சேரியில் ஓர் அறைக் கம்பெனியின் செயலி நீக்கப்பட்டிருந்தால் எந்த அமைச்சருக்குத் தெரிந்திருக்கும்?

எதிர்த்தரப்பின் நியாயம்

கூகிளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கடையைக் கட்டியது அது, பராமரிப்பதும் அது. மோசடிச் செயலிகளை வடிகட்டும் பொறுப்பும் அதனுடையது. இந்தியாவில் செயலி தயாரிப்போரில் 3 சதவீதத்தினரே இத்தகைய சரக்கை விற்கிறார்கள், ஏனையோருக்குக் கட்டணமே இல்லை என்று அந்நிறுவனம் கூறுகிறது. கட்டடம் கட்டியவருக்கு வாடகை வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே.

வாடகை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதை யார் நிர்ணயிப்பது, எந்தக் கணக்கின்படி நிர்ணயிப்பது என்பதே நாம் கேட்பது. மண்டிக்காரரும் இடம் கொடுத்தார், தராசு வைத்தார், கடன் கொடுத்தார். ஆயினும் அவர் பிடித்த தரகுக்கும் கழிவுக்கும் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தில் 1933-ம் ஆண்டிலேயே வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. பருத்தி, வேர்க்கடலை, புகையிலை ஆகியவற்றுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் வர அது வழி செய்தது. எடை எப்படி, கட்டணம் எவ்வளவு என்பது அங்கே முன்கூட்டியே வகுக்கப்பட்டது. விவசாயி ஏமாந்த பிறகு ஆறு வருஷம் வழக்காடட்டும் என்று அச்சட்டம் இயற்றியோர் விட்டுவிடவில்லை. 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையோ, தரகு என்பதையே அகற்றிப் பொது இடம் ஒன்றை அமைத்தது.

போட்டிச் சட்டம் 2002-ம் ஆண்டினது. தவறு நடந்தபின் புகார், புகாருக்குப்பின் விசாரணை, விசாரணைக்குப்பின் அபராதம், அபராதத்துக்குமேல் அப்பீல் என்பது அதன் போக்கு. பணப்பெட்டி வழக்கில் விதித்த ரூ. 936.44 கோடியைத் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் ரூ. 216.69 கோடியாகக் குறைத்தது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. கோடிகள் கூடினாலும் குறைந்தாலும், இடையில் தொழிலை மூடியவருக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை.

பிற நாடுகள் விழித்துக்கொண்டன. குறிப்பிட்ட பணப்பெட்டியை வற்புறுத்தலாகாது என்று தென் கொரியா 2021-ல் சட்டம் செய்தது. பெரும் நிறுவனங்கள் செய்யக்கூடியவை, கூடாதவை எவை என்று ஐரோப்பிய யூனியன் முன்கூட்டியே பட்டியலிட்டு, 2024 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில் எபிக் என்னும் விளையாட்டுக் கம்பெனி தொடுத்த வழக்கில், கூகிள் ஏகபோகத்தைத் துஷ்பிரயோகம் செய்தது என்று சான் பிரான்சிஸ்கோ ஜூரிகள் 2023 டிசம்பரில் ஒருமனதாகத் தீர்மானித்தனர். நம் நாட்டிலும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டது. வரைவு வேலி ஆகாது, நட்டால்தான் வேலி.

நாம் செய்ய வேண்டுவது

சேலையையும் காய்கறியையும் செயலி மூலம் விற்றால் பிளே ஸ்டோர் தரகு கேட்பதில்லை என்பது உண்மையே. ஆகையால் நமக்குக் கவலையில்லை என்று இருந்துவிடலாகாது. நம் சரக்கு ஏறும் இணையச் சந்தைகளுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கும் கமிஷன் உண்டு. எந்தச் சரக்கை முன்னே காட்டுவது என்ற அதிகாரமும் அவர்களிடமே உண்டு. அந்நிய முதலீட்டில் நடக்கும் இணையச் சந்தை, தான் பங்கு வைத்துள்ள கம்பெனியின் சரக்கைத் தன் சந்தையில் விற்கலாகாது என்று 2019 பிப்ரவரி முதல் மத்திய சர்க்கார் விதித்தது. சந்தைக்காரரே சரக்குக்காரராக இருத்தல் கூடாது என்ற அத்தத்துவத்தை எல்லா இணைய வாயில்களுக்கும் விரிக்க வேண்டும் என்று நாம் கோர வேண்டும்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, வாயிலை வைத்திருப்போர் விதிக்கும் கட்டணத்துக்கும் நிபந்தனைக்கும் முன்கூட்டியே வரையறை. இரண்டு, ஆணையத்தில் ஒரு நாளும் கோரம் குறையாதபடி நியமனமும், புகாரைத் தீர்ப்பதற்குக் காலக் கெடுவும். மூன்று, வழக்கு முடியும்வரை சிறு தொழிலின் கடையை அகற்றலாகாது என்ற இடைக்காலப் பாதுகாப்பு.

நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியவையும் உண்டு. எந்தச் சங்கமும் தன் விற்பனை முழுவதையும் ஒரே வாயிலில் ஒப்படைத்தல் ஆகாது. வாடிக்கையாளர் பெயரும் முகவரியும், அவர்கள் சம்மதத்துடன், நம் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கமிஷன் எவ்வளவு, அதை ஒருதலையாக உயர்த்தலாமா, சரக்கை நீக்கினால் முறையிடுவது யாரிடம், வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்ற நான்கையும் படித்துக் காட்டச் செய்து, நிர்வாகக் குழுவில் தீர்மானிக்க வேண்டும்.

வேளச்சேரி இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவோம். தனித்தனியே படியேறினால் வக்கீல் கட்டணத்திலேயே தொழில் கரைந்துவிடும். 1904-ம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் சிலர் கூடித் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையும், 1935-ல் கைத்தறி நெசவாளர்களுக்காகத் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும், தனித்து நின்று மெலிந்தவர்கள் ஒன்றுசேர்ந்து பெற்ற பலத்துக்குச் சான்றுகள். கருவி புதிதாயினும் வழி அதுவே. நூல் நூற்பவரும் நிரல் எழுதுபவரும் சந்தை வாயிலில் ஒரே வரிசையில் நிற்கிறோம். அந்த வாயிலின் சுங்கத்தைச் சட்டம் நிர்ணயிக்கட்டும் என்று ஒரே குரலில் கேட்போமாக.