கல்லுக்குச் சூட்டிய பெயர்கள்

கண்ணாடிப் பேழையில் யுரேனியக் கற்களை அடுக்கி மகிழும் அன்பரே, அவற்றின் பெயர்ச்சீட்டுகளை ஒருமுறை வாசியும்! கியூரைட், பெக்கரலைட்: விஞ்ஞானிகளின் பெயர்கள், குறைகூறோம். செஞ்சியரைட் எவர் பெயர்? கொங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்தை ஆண்ட பெல்ஜியக் கம்பனியின் பணிப்பாளர் எட்கார் செஞ்சியர்! 1940இல் ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட தாதை நியூயோர்க்கிற்கு அனுப்பியவர். 1945இல் ஹிரோஷிமாவை எரித்த குண்டின் யுரேனியத்தில் பெரும்பகுதி கொங்கோவினுடையது. 1946இல் அமெரிக்கா அவருக்குப் பதக்கம் சூட்டியது. தாதைக் கையாற் பொறுக்கிச் சாக்கிலிட்ட கறுப்புத் தொழிலாளர் பெயரில் மட்டும் ஒரு கல்லும் இல்லை. (படிகத்தின் அழகைப் பழிக்கவில்லை; விலைச்சீட்டைத்தான் கேட்கிறோம்.) 1960இல் சுரங்கவாயைக் கொங்கிரீட்டால் அடைத்தனர். வறுமை அடைபடவில்லை, 2004இல் அங்கே கோபாற்றுக்காகத் தோண்டியவர்கள் மண்சரிந்து மாண்டனர்.